ஆணியின் விலை

ஜப்பானில் நாரா மாவட்டத்தில் ஹோரியூஜி என்னும் பௌத்தக் கோயில் உள்ளது. உலகில் இன்றும் நிலைத்து நிற்கும் மரக் கட்டடங்களுள் மிகப் பழையவை அங்கேதான் இருக்கின்றன. 1934-ஆம் ஆண்டில் தொடங்கிய திருப்பணியின்போது அவற்றைப் பிரித்துப் பார்த்த தச்சர்கள், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் அறையப்பட்ட ஆணிகள் பல உறுதி குன்றாமல் இருக்கக் கண்டனர்.

அவை கொல்லர் அடித்த ஆணிகள். ஆற்று மணலிலும் மலை மணலிலும் கலந்துள்ள இரும்பை அரித்தெடுத்து, கரி உலையில் உருக்கி, பின்னர் ஒவ்வோர் ஆணியாகச் சம்மட்டியால் அடித்து உருவாக்க வேண்டும். நான்கு பட்டை உடைய இவ்வாணியை 'வாகுகி', அதாவது ஜப்பானிய ஆணி, என்பர். இத்துணை உழைப்பைக் கொள்ளும் பொருள் மலிவாக இருத்தல் இயலுமா? ஜப்பானியத் தச்சர் மரத்தோடு மரத்தைப் பொருத்தும் கலையில் தேர்ந்ததற்கு ஆணியின் விலை ஒன்றே காரணம் என்பது மிகையாகும். எனினும், ஆணியை எண்ணி எண்ணிச் செலவிட்ட காலம் அது என்பதை மறந்துவிடலாகாது.

1859-இல் யோக்கொஹாமா துறைமுகம் அயல்நாட்டு வணிகத்திற்குத் திறக்கப்பட்டது. கப்பல்களில் துணியும் இயந்திரங்களும் வந்தன. அவற்றோடு பீப்பாய் பீப்பாயாக ஆணியும் வந்தது. முதலில் இரும்புத் தகட்டை வெட்டிச் செய்த ஆணியும், பின்னர் உருண்டைக் கம்பியில் செய்த ஆணியும் பரவின. 'யோகுகி', அதாவது மேலை நாட்டு ஆணி, என்பது அதற்கு ஏற்பட்ட பெயர். பலகைகளை வரிசையாக அறைந்து எழுப்பும் மேனாட்டு முறைக் கட்டடங்களுக்கு அது மிகுதியாகத் தேவைப்பட்டது.

அதன் மலிவுக்கு முதற் காரணம் இயந்திரம். அமெரிக்காவில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், பிற பொருள்களோடு ஒப்பிட, ஆணியின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என ஆய்வாளர் கணித்துள்ளனர். மற்றொரு காரணம் வரி. 1866-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஜப்பான் இறக்குமதிப் பொருள்கள் மீது நூற்றுக்கு ஐந்து என்ற அளவிலேயே சுங்கம் விதிக்க முடிந்தது. தன் விருப்பப்படி வரி விதிக்கும் முழு உரிமையை அந்நாடு 1911-இல்தான் திரும்பப் பெற்றது. உள்நாட்டுக் கொல்லரைக் காக்க அரசு விரும்பியிருந்தாலும், அதன் கைகள் கட்டப்பட்டிருந்தன.

ஆயினும் விலை நேர்க்கோட்டில் இறங்கிவிடவில்லை. 1871-இல் பிறந்த யென் நாணயம் 1.5 கிராம் பொன்னுக்கு நிகராக இருந்தது. வெள்ளியின் மதிப்பு உலகெங்கும் சரிந்தமையால் 1897-இல் அது 0.75 கிராமாக வரையறுக்கப்பட்டது. பொன் நாணய நாடுகளின் சரக்குக்கு யென் கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க ஆணி ஆலையினரோ 1895-இல் கூட்டுச் சேர்ந்து, ஒரு டாலருக்கும் குறைவாயிருந்த பீப்பாயின் அடிப்படை விலையை அடுத்த ஆண்டு மே மாதத்திற்குள் 2 டாலர் 55 சென்ட்டாக உயர்த்தினர். அவ்வாண்டு முடிவதற்குள் அக்கூட்டு உடைந்தது. எங்கோ சிலர் கூடிப் பேசுவதால் ஆணியின் விலை ஏறி இறங்கும் காலம் வந்துவிட்டது. 1897-இல் வங்கியாளர் யசுதா ஸென்ஜிரோ தோக்கியோவில் ஆணித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார்.

இனி, அந்தக் கொல்லர்கள் என்ன ஆயினர்? நீகத்தா மாவட்டத்தில் சன்ஜோ, த்சுபாமே என்னும் இரு ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. 17-ஆம் நூற்றாண்டில், வெள்ளத்தால் வாடிய உழவர்க்குத் துணைத்தொழிலாக ஆணி அடிக்கக் கற்பித்தனர் என்பது அவ்வூர்களின் வரலாறு. அங்கே அடித்த ஆணி தலைநகர் வரை சென்றது. மேலை ஆணி வந்ததும் உலைகள் அவியத் தொடங்கின. பரம்பரையாகப் பழகிய கைகள் ஒரே தலைமுறையில் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. அவ்வீடுகள் அனுபவித்த இன்னலை எந்தச் சுங்கக் கணக்கும் குறித்து வைக்கவில்லை. சன்ஜோ கத்திக்கும் தச்சுக் கருவிக்கும் திரும்பியது. த்சுபாமே செப்புப் பாத்திரம், அரம், புகைக்குழல் என ஒவ்வொன்றாக முயன்று, 1910-களில் மேலை நாட்டார் உண்ணப் பயன்படுத்தும் கரண்டியையும் முட்கரண்டியையும் செய்யத் தொடங்கியது. எந்த நாடுகளின் ஆணி அவ்வூரின் தொழிலைக் கவர்ந்ததோ, அந்நாடுகளின் உணவு மேசைக்கே அதன் கரண்டிகள் பின்னாளில் சென்றன!

பழைய ஆணி அடியோடு மறைந்துவிடவில்லை. நாராவின் யாக்குஷிஜி கோயிலில் மேற்குக் கோபுரத்தை மீண்டும் எழுப்பியபோது, தலைமைத் தச்சர் நிஷியோக்கா த்சுனேகசு கடை ஆணியை ஏற்கவில்லை. கோபுரம் பல நூற்றாண்டு நிற்க வேண்டும். கம்பி ஆணியோ அவ்வளவு காலம் தாங்காது என்பது அவர் கருத்து. அவர் கேட்ட ஆணி எந்த விலைக்கும் சந்தையில் இல்லை. மாத்சுயாமா நகரத்துக் கொல்லர் ஷிராத்தாகா யுகினோரி பழைய ஆணிகளை ஆராய்ந்து, ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தம் உலையில் அடித்துக் கொடுத்தார். 1981-இல் கோபுரம் நிறைவெய்தியது.