கான்ட்ராஸ்ட்டுக்குப் பிறகு ஒரு ஃப்ளேர்

என் ஆசிரியர்கள் இந்த இடத்தில் நின்று பேசியதைக் கடைசி வரிசையில் இருந்து கேட்டவன் நான். இன்று இங்கே நிற்பது பெரும் பேறு; உள்ளூர ஒரு நடுக்கமும் இருக்கிறது.

மாநாட்டின் பொருள் செயற்கை நுண்ணறிவு. அதைப் பற்றி அறிந்தவர்கள் நாள் முழுவதும் பேசவிருக்கிறார்கள். எடுக்காத படத்தை எந்தக் கணினியாலும் படிக்க முடியாது என்பதால், எனக்கான நேரத்தை மூளையின் மெல்லுறைக்குப் பரவும் புற்றுநோய்க்குத் தருகிறேன்.

1870இல் நோயியலாளர் ஏபெர்த் பிணக்கூறாய்வில் கண்டு எழுதிய நோய் இது. முதுகில் ஊசி போட்டு எடுக்கும் மூளைத் தண்டுவட நீரில், முதல் முறையில் புற்றணுக்கள் அகப்படுவது ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான். ஆகவே எம்.ஆர்.ஐ.யின் பொறுப்பு பெரிது. சிறுமூளை மடிப்புகளில் ஓடும் வெள்ளைக் கோடு, குதிரைவால் நரம்புகளில் மணிமணியாய்த் தொங்கும் கட்டிகள் ஆகியவற்றை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் வாதிட வந்தது ஒன்றுக்காகத்தான்: கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்திய பிறகு எடுக்கும் ஃப்ளேர் எம்.ஆர்.ஐ. படம். டி1 படத்தில் மூளையின் மேற்பரப்பில் உள்ள இயல்பான ரத்தக்குழாய்களும் ஒளிர்கின்றன. எது குழாய், எது நோய் என்று மயங்குகிறோம். ஃப்ளேரில் அவை பெரும்பாலும் ஒளிர்வதில்லை. மிகச் சிறிதளவு கடோலினியம் கசிந்தாலும் மடிப்பின் ஓரம் வெளுக்கிறது. ஐரோப்பிய நரம்புப் புற்றியல் வழிகாட்டி 2017இலேயே இதை எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் நம்மில் பலர் கடோலினிய ஊசிக்கு முன் ஒரு ஃப்ளேரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பழைய ஒப்பீடுகள் சிலவற்றில் டி1 முந்தியது என்று மூத்த நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் நினைவூட்டுவார். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஒப்பீடுகளில் இருந்த ஃப்ளேர் தடித்த இருபரிமாண வெட்டுகள். அவற்றில் அடிமூளையில் நீரோட்டமே பொய் வெண்மை காட்டும். முப்பரிமாண ஃப்ளேரில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. மயக்கமருந்தின்போது தரும் ஆக்சிஜனும் நீரை வெளுக்கவைக்கும் என்பார்கள். உண்மைதான். ஊசிக்கு முன் எடுத்த ஃப்ளேரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். டி1ஐக் கைவிடச் சொல்லவில்லை; இரண்டும் வேண்டும் என்கிறேன். நம் ஊரில் காசநோய் மூளைக்காய்ச்சலும் அடிமூளையில் இதே போல ஒளிரும். அதைப் பிரித்தறிய நோயாளியின் வரலாறும் நீர்ப்பரிசோதனையும்தான் துணை.

மார்பகப் புற்றுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்ட ஒரு பெண், தாடை மரத்துப்போகிறது என்று வந்தார். டி1ஐப் பார்த்து 'இயல்பு' என்று நான் கையெழுத்திட்டேன். இரண்டாம் முறை எடுத்த நீரில் புற்றணுக்கள் இருந்தன. அன்று கான்ட்ராஸ்ட்டுக்குப் பின் நான் ஃப்ளேர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஐந்தாறு நிமிடம் கூடியிருக்கும்.

பிற்பகலில் பட நெறிமுறைக் குழு கூடுகிறது. புற்றுநோய் வரலாறு உள்ளவருக்கு நரம்புக் குறை தோன்றினால் கடோலினிய ஊசிக்குப் பிந்திய முப்பரிமாண ஃப்ளேர் கட்டாயம், முதுகில் நீர் எடுப்பதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. என்ற இரண்டு வரிகளையும் அங்கே முன்மொழிவேன். மறுப்பவர்கள் தங்கள் படங்களோடு வாருங்கள்.