கடன் நோட்டும் கூலிப் பாக்கியும்



வட இந்திய மளிகைக் கடைகளில் ‘ஆஜ் நகத், கல் உதார்’ என்றொரு பலகை தொங்கும். இன்று ரொக்கம், நாளை கடன். பலகைக்குக் கீழேயே கடன் நோட்டு விரிந்து கிடக்கும்.

பால் பாக்கெட்டில் கடைக்காரருக்கு மிஞ்சுவது அற்பம். அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கச் சட்டம் இடந்தராது. செயலி நிறுவனங்கள் பலவும் சிறு ஆர்டருக்குத் தனிக்கட்டணம் விதிக்கின்றன; நட்டத்தை முதலீட்டாளர் பணத்தால் ஈடுகட்டுகின்றன. தெருமுனைக் கடைக்காரரோ பாலை மறுத்தால் அரிசி வாங்க வருபவரையும் இழப்பார்.

பாக்கி வைத்துத் தொல்லை தரும் வாடிக்கையாளர் யார்? தொழிற்பேட்டைத் தெருக்களில், பெரும்பாலும் கூலி கிடைக்காத தொழிலாளியே. ஆயிரம் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் ஆலைகளில் மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரவேண்டுமென 1936ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. கெடு தவறினால் அந்த இடைவெளியை வட்டியின்றி நிரப்புவது மளிகைக் கடை. முதலாளி தரவேண்டியதைக் கடைக்காரர் சுமக்கிறார். அவரும் கறாராகத்தான் இருப்பார்: பழைய பாக்கியில் பாதியைக் கேட்பார், பீடியையும் சோப்பையும் நிறுத்துவார், அரிசி, பருப்பை மட்டும் நிறுத்தமாட்டார். (கடைப் பையனுக்கு அவர் தரும் கூலி பற்றியும் நாம் பேசத்தான் வேண்டும், அது வேறு கணக்கு.)

2012 செப்டம்பர் 20 அன்று, சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்து வணிகர்களும் நாமும் ஒரே நாளில் வீதிக்கு வந்தோம். அவ்வுறவு அன்றோடு நின்றுவிடலாகாது. கூலிப் பாக்கி கோரி ஆலைவாயிலில் கூடும்போது அத்தெருக் கடைக்காரரையும் அழையுங்கள். கூலி தாமதமான ஒவ்வொரு மாதமும் அவரது நோட்டில் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கிறது.