பழைய லென்ஸும் புதிய காமிராவும்

உங்களில் சிலருடைய வீட்டில், பரணிலோ அலமாரியின் மேல்தட்டிலோ, தோலுறைக்குள் ஒரு பழைய ஃபிலிம் காமிரா உறங்கிக்கொண்டிருக்கலாம். ஃபிலிம் கிடைப்பது அரிதாகிவிட்டது. அதைக் கழுவித் தருவோரும் அருகிவிட்டனர். ஆகவே ஒருநாள் அது காயலான் கடைக்குப் போகிறது. அதனோடு அதன் லென்ஸும் போய்விடுகிறது. காமிரா போவதற்கு நான் வருந்துவதில்லை. லென்ஸ் போவதற்கே வருந்துகிறேன். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கடைந்து செய்த அந்த லென்ஸ் இன்றைய காமிராவிலும் செவ்வனே வேலை செய்யும். எவ்வாறு என்பதைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

காமிராவில் லென்ஸைப் பொருத்தும் வாய்க்கும், உள்ளே பிம்பம் விழும் பரப்புக்கும் இடையே ஒரு திட்டமான தூரம் உண்டு. 1959-இல் வெளிவந்த நிக்கான் எஃப் காமிராவில் அது 46.5 மில்லிமீட்டர். எம்42 என்னும் திருகுவாய் கொண்ட காமிராக்களில் 45.46 மில்லிமீட்டர். இவ்வளவு இடைவெளி எதற்காக? லென்ஸின் பின்னே சாய்வாக ஓர் ஆடி நின்று, காட்சியை மேலே நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பியது. பொத்தானை அழுத்தியதும் அது மேலே எழும்பி ஒளிக்கு வழிவிடும். அது எழும்பித் தாழ இடம் வேண்டுமன்றோ? 2008-இல் பானசோனிக் ஜி1 என்னும் காமிரா இந்த ஆடியை நீக்கிவிட்டு வந்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இவற்றையே மிர்ரர்லெஸ் காமிரா என்கிறோம். ஆடி போனதும் இடைவெளி சுருங்கியது. சோனி இ வகையில் 18 மில்லிமீட்டர். நிக்கான் இசட் வகையில் 16. கேனன் ஆர்எஃப் வகையில் 20.

இனி வருவது கழித்தல் கணக்கு. 45.46-இலிருந்து 18-ஐக் கழித்தால் 27.46. அந்த அளவு தடிமனுள்ள ஓர் உலோக வளையத்தை இடையே வைத்தால், திருகுவாய் லென்ஸ் தான் பழகிய தூரத்திலேயே நிற்கும். அவ்வளையமே அடாப்டர். அதனுள் கண்ணாடியும் இல்லை, மின்கம்பியும் இல்லை.

கழித்து வரும் விடை எதிர்மறையானால் என்ன செய்வது? அதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. கேனன் நிறுவனத்தின் பழைய எஃப்டி லென்ஸ்களுக்கு உரிய தூரம் 42 மில்லிமீட்டர். அந்நிறுவனம் 1987-இல், நம் திருவரங்கத்து ராஜகோபுரம் குடமுழுக்குக் கண்ட அதே ஆண்டில், 44 மில்லிமீட்டர் தூரமுள்ள புதிய வாயை அமைத்துக்கொண்டது. இரண்டே மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆயினும் வளையம் வைக்க இடமே இல்லை. திருத்தக் கண்ணாடி ஒன்றை நடுவில் வைத்தாலன்றி, அந்த லென்ஸ்களைக் கொண்டு புதிய காமிராவில் தொலைவிலுள்ள பொருளைத் தெளிவாகப் படமெடுக்க முடியாமற்போயிற்று. நல்ல லென்ஸ்கள் பல இவ்வாறு நாதியற்றுக் கிடந்தன. ஆடியில்லாத காமிரா வந்த பிறகே அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது. 42-இலிருந்து 18 போக 24 மில்லிமீட்டர், தாராளமான இடம்!

வளையம் வாங்கும்போது அதன் தடிமன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குவியங்களிலிருந்து அளந்த பொருளின் தூரத்தையும் பிம்பத்தின் தூரத்தையும் பெருக்கினால் குவியத் தூரத்தின் வர்க்கம் கிடைக்கும் என்று நியூட்டனின் சூத்திரத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வகுப்பில் அதைச் சொன்னபோது, இதனால் என்ன பயன் என்று கேட்காத மாணவன் இல்லை. பயனை இங்கே காணலாம். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு வர்க்கம் 2500. வளையம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்துவிட்டால், 2500-ஐ 0.1-ஆல் வகுக்க 25,000 மில்லிமீட்டர், அதாவது 25 மீட்டர் வருகிறது. அதற்கு அப்பாலுள்ள எதிலும் அந்த லென்ஸைத் துல்லியமாகக் குவிக்க இயலாது. அகன்ற காட்சி தரும் 28 மில்லிமீட்டர் லென்ஸானால் நிலைமை இன்னும் மோசம். எட்டு மீட்டரைக்கூட எட்டாது. இதற்கு அஞ்சியே வளையத்தைச் சற்று மெல்லியதாகக் கடைவோர் உண்டு. அப்போது முடிவிலிக் குறியைத் தொடுவதற்கு முன்பே தொலைவுப்பொருள் தெளிந்துவிடும். லென்ஸின் மேல் பொறித்த மீட்டர் எண்களை நம்ப முடியாது. காவிரியின் தென்கரையில் ஓர் உயர்ந்த மாடியில் நின்று ராஜகோபுரத்தின் கலசங்களைக் குவித்துப் பார்த்தால் வளையத்தின் நேர்மை விளங்கிவிடும். உங்கள் ஊரில் ஒரு குன்றோ கோபுரமோ இல்லாமலா போகும்?

கையால் குவிப்பது முதியவர்க்கு ஏலாது என்பர் சிலர். என் அனுபவம் வேறு. கண்புரைக்கு அறுவை செய்து, என் கண்ணுக்குள்ளேயே ஒரு செயற்கை லென்ஸை வைத்திருக்கிறார்கள். அது தானாகக் குவியாதது. அவ்வகையில் அதுவும் பழைய லென்ஸே! ஃபிலிம் காமிராவின் மங்கிய தேய்ப்புக் கண்ணாடியில் எது தெளிவு, எது மயக்கம் என்று பிரித்தறிய முடியாமல், எனக்கு மிகவும் உவப்பான இக்கலையை விட்டே இருந்தேன். புதிய காமிராவிலோ, கண்வைத்துப் பார்க்கும் சிறு திரையில் காட்சியின் ஒரு பகுதியைப் பன்மடங்கு பெருக்கிக் காணலாம். பேத்தியின் இமைமயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. தெளிந்த விளிம்புகளுக்கு மட்டும் நிறம் தீட்டிக் காட்டும் வசதியும் உண்டு. விரைவுக்கு அது நன்று. துல்லியத்துக்குப் பெருக்கிப் பார்ப்பதையே நான் நம்புகிறேன்.

லென்ஸைப் பூட்டியதும் காமிரா வேலை செய்ய மறுத்தால் திகைக்க வேண்டாம். லென்ஸோடு அதற்கு மின்தொடர்பு இல்லாததால், லென்ஸே இல்லை என்று அது எண்ணிக்கொள்கிறது. லென்ஸ் இல்லாமலும் படமெடுக்கலாம் என்ற அனுமதி அமைப்புப் பட்டியலில் இருக்கும். அதை இயக்க வேண்டும். கை நடுக்கத்தை ஈடுசெய்யும் காமிராவானால் குவியத் தூரத்தையும் நாமே சொல்லித்தர வேண்டும்.

என்னிடமுள்ளது ஹீலியோஸ் 44-2. சோவியத் நாட்டில், ஜெர்மானிய பயோட்டார் லென்ஸைப் பின்பற்றிச் செய்தது; குவியத் தூரம் 58 மில்லிமீட்டர். அதன் துளைக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் வேண்டும் அளவை முன்கூட்டியே வைத்துவிட்டு, மற்றதை முழுதும் திறந்து குவித்து, பிறகு கண்ணை எடுக்காமலே அந்த அளவுவரை மூடலாம். மரநிழலில் ஒருவரை நிறுத்தி, துளையைத் திறந்தே வைத்து எடுத்தால், பின்னணி இலைகள் சுழல்வனபோல் வளைந்து நிற்கும். இலக்கணப்படி அது லென்ஸின் குறைபாடு. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் பள்ளி விளையாட்டு விழாவுக்கு இதை எடுத்துச் செல்லாதீர்கள். ஓடும் சிறுவனைத் தானாகத் தொடரும் புதிய லென்ஸுக்கு இது ஈடாகாது.

பரணிலிருந்து எடுத்த லென்ஸை முதலில் தோலுறையிலிருந்து விடுவியுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நம் கரையோர ஊர்களின் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர இதுவே போதும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. துளையை முழுதும் திறந்து, ஒரு பக்கம் டார்ச் விளக்கைப் பிடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போன்ற இழைகள் ஓரத்தில் சிறிதே தெரிந்தால் படத்துக்குப் பெரிய கேடில்லை. நடுவில் பரவியிருந்தால் அதைக் கழற்றித் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அதுவரை மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.