ஒரு டிகிரி ஆசை

சிராங்கூன் சாலையில் டர்போ கார் உறுமிக்கொண்டு போனால் திரும்பிப் பார்க்காதவர் உண்டா? கூடுதல் பிக்கப்புக்காக இளைஞர்கள் ‘இக்னிஷன் டைமிங்’கில் கைவைக்கிறார்கள். தீப்பொறி சற்று முந்தினால் சக்தி கூடும். அளவு மீறினால் பெட்ரோல் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும்.

இங்கே 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு விளிம்புவரை வைத்த கார், ஜோகூரில் 97 நிரப்பி, உட்லண்ட்ஸ் கடற்பால நெரிசலில் வெந்து திரும்பினால் என்ன ஆகும்? (2010 முதல் சிங்கப்பூர்க் கார்களுக்கு அங்கே 95 விற்பதில்லை. இந்த விஷயத்தில் அது நல்லதற்கே!)

ஆகவே, நிரப்பப்போவதில் குறைந்த ரகப் பெட்ரோலை ஊற்றி, சாலையில் அல்ல, ‘டைனோ’ மேடையில் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றச் சொல்லுங்கள். சக்தி கூடவில்லையா, அங்கேயே நிறுத்துங்கள். ‘நாக்கிங்’ சத்தம் கேட்டால் உடனே இரண்டு டிகிரி குறையுங்கள். ரொம்பக் குறைத்தாலும் வம்பு; புகைக்குழாய்ச் சூடு ஏறி டர்போ வெந்துவிடும். இந்த வேலைக்கு அனுமதி வேண்டுமா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.