மேற்கோள் அடைவும் நம் ஆய்விதழ்களும்



சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டில்லியில் நான் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்புக்கு முதிய தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். வடநாட்டு நகரம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். அங்குள்ள தமிழாசிரியர் சிலருடன் சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை ஓர் ஆய்விதழ் நடத்தி வருகிறார். தோளில் தொங்கிய ஜோல்னாப் பையிலிருந்து ஆறு இதழ்களையும் ஒரு கடிதத்தின் அச்சுப் படியையும் எடுத்து மேசைமீது வைத்தார்.

“தம்பி, இந்தக் கடிதம் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொல்கிறது என்பதுதான் விளங்கவில்லை. நீங்கள் மொழிபெயர்ப்பாளர், படித்துச் சொல்லுங்கள்” என்றார்.

அவ்விதழை மேற்கோள் அடைவில் இப்போது சேர்ப்பதற்கில்லை என்று எழுதியிருந்தது. அவர் வருத்தம் இதழைப் பற்றி மட்டுமன்று. அவருடைய மாணவி ஒருத்தி விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் எழுதிய நல்ல கட்டுரைகள் இரண்டு இந்த இதழில் வெளியானவை. ‘அடைவில் இல்லாத இதழ்’ என்ற ஒரு சொல்லால் அவை இரண்டும் கணக்கில் வாராமற் போயின.

மேற்கோள் அடைவு என்பது யாது? தமிழருக்கு இதனை விளக்குவது எளிது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சொல்லாமலே பற்பல அடிகளை மேற்கோளாகக் காட்டிச் செல்வதைக் கண்டார். அவை எந்த நூலின் அடிகள் என்று தேடிப் போனவர், சங்க நூல்களின் ஏடுகளில் அவற்றைக் கண்டு வியந்தார். சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் அச்சேறின. மேற்கோள் என்னும் நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால் மூல நூலை அடையலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மேற்கோள் அடைவு இதே நூலை மறுமுனையிலிருந்து பிடிக்கிறது. ஒரு பழைய கட்டுரையிலிருந்து தொடங்கி, அதன்பின் அதனை எடுத்தாண்டவர் யாவர் என்று முன்னோக்கிக் காட்டுகிறது. இம்முறை முதலில் வழக்கறிஞர்களுக்கே வேண்டியிருந்தது. ஒரு தீர்ப்பு பின்வந்த நீதிபதிகளால் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று தெரியாமல் வாதாட இயலாதல்லவா? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873இல் இதற்கென ஓர் அடைவு தொடங்கினார். அதனைக் கண்டு, விஞ்ஞானத்துக்கும் அவ்வாறே செய்யலாம் என்று 1955இல் எழுதியவர் யூஜீன் கார்பீல்டு. 1960இல் பிலடெல்பியா நகரில் அவர் ஒரு நிறுவனம் கண்டார். 1964 முதல் விஞ்ஞான மேற்கோள் அடைவு முறையாக வெளிவரலாயிற்று. 1961ஆம் ஆண்டின் எழுத்துகளைக் கொண்டு அமைத்த முதல் தொகுப்பில் 613 இதழ்கள் இடம்பெற்றன. மேற்கோள்கள் சுமார் 14 லட்சம்.

உலகில் அப்போதும் ஆயிரக்கணக்கான இதழ்கள் இருந்தன. அனைத்தையும் சேர்க்கப் பணமும் இல்லை, பொறியும் இல்லை. அறிஞர் மிகுதியாக எடுத்தாளும் கட்டுரைகள் ஒரு சில இதழ்களிலேயே திரண்டிருக்கின்றன என்பதால், அவற்றைச் சேர்த்தால் போதும் என்று கார்பீல்டு கருதினார். சிக்கனத்துக்காகச் செய்த தேர்வு அது. அத்தேர்வே பின்னர் விருதாகி, பிறகு உத்தியோகத்துக்குத் தகுதியும் ஆகிவிட்டது. இது விபரீதம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் விபரீதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அந்த மாணவிக்கு வேலை கிடைக்கப் போவதில்லை.

இன்று பெரிய அடைவுகள் இரண்டு. கார்பீல்டின் வழிவந்த ‘வெப் ஆப் சயன்ஸ்’ ஒன்று. 2004இல் தோன்றிய ‘ஸ்கோப்பஸ்’ மற்றொன்று. நம் நாட்டில் பல்கலைக் கழக மானியக் குழு 2019இல் ‘கேர்’ என்னும் இதழ்ப் பட்டியலைக் கொணர்ந்தது; 2025இல் அதனைக் கைவிட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பைக் கல்வி நிலையங்களிடமே விட்டது. பட்டியல் போனபின் பல தேர்வுக் குழுக்களின் கண் இவ்விரண்டு அடைவுகளின் மேலேயே செல்கிறது.

அன்று நானும் பேராசிரியரும் மாலை வரை அந்த ஆறு இதழ்களையும் கடிதத்துடன் ஒப்பிட்டோம். கட்டுரைகளின் தரத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. தரத்தை ஆராயும் படிக்கு இதழ் ஏறவே இல்லை, வாயிலிலேயே நின்றுவிட்டது.

சூலை இதழ் டிசம்பரில் வந்திருந்தது. ஓராண்டில் இரண்டு இதழ்களை ஒன்றாகக் கட்டி வெளியிட்டிருந்தார்கள். குறித்த காலத்தில் வெளிவருவது இவ்வடைவுகளின் முதற் கட்டளைகளுள் ஒன்று. ஆசிரியர் குழுவினர் பெயர்களுக்குப் பக்கத்தில் அவர்கள் எந்த நிலையத்தைச் சேர்ந்தவர்கள் என்ற குறிப்பில்லை. கட்டுரை எழுதியவர்களுக்கும் அவ்வாறே. ஒவ்வொரு கட்டுரையையும் துறையறிஞர் இருவர் படித்துக் கருத்துரைத்த பின்னரே அச்சிட்டார்கள். அதை நான் அறிவேன். ஆனால் இதழிலோ இணையதளத்திலோ ஓரிடத்திலும் அதைச் சொல்லவில்லை. “செய்வதைப் பறைசாற்ற வேண்டுமா?” என்றார் பேராசிரியர். “ஆம் ஐயா, இங்கே வேண்டும்” என்றேன்.

அவர் மனத்தை மிகவும் புண்படுத்தியது அடுத்த நிபந்தனை. கட்டுரை தமிழில் இருக்கலாம். ஆனால் தலைப்பும் ஆய்வுச் சுருக்கமும் ஆங்கிலத்தில் வேண்டும். துணைநூற் பட்டியல் ரோமன் எழுத்தில் வேண்டும். “தமிழ் ஆய்வைத் தமிழெழுத்தில் படிக்க இயலாதவர்களா மதிப்பிடுவது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் ரயில் நிலையப் பெயர்ப் பலகையைச் சொன்னேன். ஊர் தமிழ்நாட்டில் இருந்தாலும் பலகையில் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. அதனால் ஊர் வேறாகிவிடுவதில்லை, அயலூரான் இறங்க வேண்டிய இடம் தெரிகிறது. அவர் முழுவதும் உடன்படவில்லை. “பலகை மூன்று எழுத்திலும் இருக்கிறது, இவர்கள் ஒன்றைத்தானே கேட்கிறார்கள்?” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ரோமன் எழுத்தில் எழுதப் புகுந்தபோதுதான் உண்மையான தொல்லை தெரிந்தது. சிலப்பதிகாரத்தின் முதலெழுத்தை ஒருவர் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தாலும், ஒருவர் ‘எஸ்’ என்பதாலும், வேறொருவர் ‘சி, எச்’ என்ற இரண்டையும் சேர்த்தும் எழுதியிருந்தனர். பொறிக்கு இவை மூன்று நூல்கள். ஒரே பதிப்புக்கு வரவேண்டிய மேற்கோள்கள் மூன்றாகச் சிதறிவிடும். ஆகவே சென்னைப் பல்கலைக் கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் எழுத்துப் பெயர்ப்பு முறையையே இதழ் முழுவதும் கைக்கொள்வதென்று முடிவு செய்தோம்.

பெயர் விஷயம் உங்களுக்கே பழக்கமானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழிக்காத தமிழர் வெளி மாநிலங்களில் எவருளர்? அடைவிலும் அதே கட்டம் இருக்கிறது. ச. முருகேசன் என்பவர் ஓரிடத்தில் எஸ். முருகேசன், ஓரிடத்தில் முருகேசன் சண்முகம், மற்றோரிடத்தில் தந்தையார் பெயரே முதன்மை பெற்று எம். சண்முகம். ஒருவர் உழைப்பு மூவருக்குப் பங்கிடப்படுகிறது. அவர்களுள் ஒருவர் அவருடைய தந்தையார்! 2012 முதல் ‘ஆர்க்கிட்’ என்னும் பதினாறு இலக்க எண்ணை ஆய்வாளர் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். எழுதுவோர் அனைவரும் அந்த எண்ணைத் தரவேண்டும் என்று பேராசிரியர் இப்போது விதி செய்திருக்கிறார்.

நல்லவேளையாக, இதழுக்குரிய ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை அவர் முன்பே பெற்றிருந்தார். அதனை இலவசமாக வழங்குவது டில்லியிலுள்ள தேசிய நிலையம். அதன் முன்னோடியாகிய இன்ஸ்டாக் நிலையம் 1952இல் நிறுவப்பட்டது. 1954இல் அங்கு தொடங்கிய நூலகவியல் இதழுக்கு ஆசிரியராயிருந்தவர் சீர்காழியில் பிறந்து, காசியிலும் டில்லியிலும் பணிபுரிந்த எஸ். ஆர். இரங்கநாதன். நூல்களுக்கு ஒழுங்கு கற்பித்த தமிழர் ஒருவர் இதே நகரில் உழைத்தார் என்பதை நினைக்கையில் எனக்குச் சற்றுத் தெம்பு வருகிறது.

புத்தகங்களின் நிலை வேறு. ஸ்கோப்பஸ் தனித்தனிப் புத்தகங்களை ஏற்பதில்லை. பதிப்பகத்தை முழுமையாகப் பார்த்தே முடிவு செய்கிறது. ஆகவே நூலாசிரியர் ஒருவர் தம் நூலைத் தாமே அனுப்பிப் பயனில்லை. ஆயினும் அடைவிலுள்ள ஓர் இதழின் கட்டுரை உங்கள் தமிழ் நூலைச் சுட்டினால், அச்சுட்டு பதிவாகும். அதற்கு நூலின் பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு ஆகியவை பட்டியலில் ஒழுங்காக இருக்க வேண்டும். ‘மு. வ., ப. 42’ என்று அடிக்குறிப்பிட்டால் எந்த மு. வ. நூல் என்று உ. வே. சா.வே திரும்பி வந்து தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணம் கொடுத்தால் அடைவில் சேர்த்துத் தருகிறோம் என்று மின்னஞ்சல் எழுதும் தரகர்கள் மலிந்துள்ளனர். பேராசிரியருக்கும் இருவர் எழுதியிருந்தனர். இவ்விரு அடைவுகளும் ஓர் இதழை ஆராயவோ சேர்க்கவோ கட்டணம் பெறுவதில்லை.

வெப் ஆப் சயன்ஸில் வாயிற்படியில் திருப்பப்பட்ட இதழ் குறை தீர்ந்தவுடன் மீண்டும் விண்ணப்பிக்கலாம். உள்ளே சென்று தர ஆய்வில் தோற்றால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகையால் அவசரப்பட வேண்டாம், மூன்று இதழ்கள் நாள் தவறாமல் வரட்டும் என்று சொன்னேன். முதல் இதழ் குறித்த தேதியில் வந்துவிட்டது. இரண்டாவதற்குரிய ஏழு ஆய்வுச் சுருக்கங்களைப் போன வாரம் எனக்கு அனுப்பியிருக்கிறார். அவற்றுள் ஒன்று அந்த மாணவியினுடையது. அகப்பாட்டில் தோழியின் கூற்றைப் பற்றியது. ‘தோழி’ என்பதற்கு ஆங்கிலத்தில் எச்சொல்லை இடுவதென்று நேற்றிரவு வரை எங்களுக்குள் முடிவாகவில்லை.