பாதரசம் எங்கும் போய்விடுவதில்லை

(கட்சால் தீவில் தமிழ் அன்பர்கள் நடுவே பேசியதன் சுருக்கம்)



1964-ஆம் வருஷத்து சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களில் சில குடும்பங்கள், 1970களில் இந்தக் கட்சாலுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்கு வந்தன. வேறு சில குடும்பங்கள் கொடைக்கானல் மலைக்குப் போயின. அந்த மலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மூடப்பட்ட ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களில் கொடைக்கானலுக்கு வந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது அம்பலமாயிற்று. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டதோ 2016-ல்தான்!

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. நரம்பையும் சிறுநீரகத்தையும் அது பாதிக்கும். குப்பையில் போட்டு எரித்தாலும் அழியாது. காற்றில் ஏறி, மழையில் இறங்கி, கடலில் சேரும். அங்கே நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது பெருகிக்கொண்டே போகும். ஜப்பானில் மினமாட்டா ஊர் மக்கள் மீன் சாப்பிட்டே நோயுற்றது 1956-ல் வெளிவந்தது. கருவிலிருந்த சிசுக்களும் தப்பவில்லை. மீனே பிரதான ஆகாரமான தீவில் இதை அலட்சியம் செய்யலாமா?

வீட்டில் செய்ய வேண்டியவை சில. டிஜிட்டல் தெர்மாமீட்டரும் எல்.இ.டி. விளக்கும் வாங்குங்கள், இவற்றில் பாதரசம் இல்லை. பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் உருண்டைகளைச் சேர்த்து மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். தயாரித்தவர் பெயரே இல்லாத சிவப்பழகு க்ரீம்களைத் தொடாதீர்கள். அத்தகைய க்ரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-ல் கேரளத்தில் மலப்புரம் மாவட்ட மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

எரிந்துபோன டியூப்லைட்டுகளை உடைக்காமல் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். அவற்றை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022-ஆம் வருஷத்து மின்னணுக் கழிவு விதிகள் சொல்கின்றன. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு கேட்டு நிர்வாகத்துக்கு மனுக் கொடுங்கள். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன்: வாயால் சொன்னதற்கு ஃபைல் கிடையாது. எழுதிக் கொடுங்கள், தேதியிட்ட ரசீது வாங்குங்கள்.

290 டன் கழிவு சமுத்திரம் கடந்து திரும்பிப் போயிருக்கிறது. ஒரு பெட்டி டியூப்லைட் இந்தத் தீவிலிருந்து போகாதா?