கத்தியைத் திருத்திய கணக்கு

மார்பில் கட்டி தென்பட்டாலும் நம் தோட்டத்துத் தாய்மார்கள் சிலர் அதை வெளியில் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற அச்சந்தான் காரணம். இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1894இல் ஒரு முறையை விளக்கி எழுதினார். மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள் அனைத்தையும் அகற்றுவது அம்முறை. அதிகமாக வெட்டினால் புற்றுநோய் வேரோடு போகும் என நம்பினார்கள். பல பத்தாண்டுகள் அந்த நம்பிக்கையே ஆட்சி செய்தது.

பெர்னார்ட் ஃபிஷர் என்ற மருத்துவர் அதற்குச் சான்று தேடினார். 1971இல் தொடங்கிய ஆய்வில், தசையை வெட்டியதால் ஆயுள் கூடவில்லை எனத் தெரிந்தது. 1976இல் அடுத்த ஆய்வு. சிலருக்கு மார்பு முழுவதும், சிலருக்குக் கட்டியும் அதைச் சுற்றிய சதையும் மட்டும் அகற்றப்பட்டன. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தார்கள். அப்போதுதான் ஒப்பீடு நேர்மையாகும். மருத்துவர்கள் பலர் இதை எதிர்த்தனர்.

1,851 பெண்களின் இருபதாண்டுக் கணக்கு 2002இல் வெளிவந்தது. உயிர் பிழைத்திருந்தோர் விகிதத்தில் வேறுபாடில்லை. கதிர்ச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு அதே மார்பில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. கணக்கு பேசியது, கத்தி திருந்தியது.

ஆகவே தாய்மார்களே, சிறு கட்டியாக இருக்கும்போதே காட்டினால் பலருக்கு மார்பைக் காக்க முடியும். மறைத்து வளரவிட்டால் அந்த வாய்ப்பும் குறையும், உயிருக்கும் ஆபத்து. நாளைக்கென்று தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டுவோம்.